பொலிகிடாவுக்கு விந்துப் பரிசோதனை: காரைக்குடி வட்டார நடமாடும் சேவை எப்படி?

காரைக்குடி, கல்லல், தேவகோட்டை, புதுவயல் பக்கம் செம்மறி வளர்ப்பவர்களிடையே ஒரு நடமாடும் சேவை பேசப்படுகிறது. கால்நடை மருத்துவர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் மைக்ரோஸ்கோப்போடு வண்டியில் கிடைக்கே வந்து விடுகிறார்கள். பொலிகிடாவின், அதாவது இனப்பெருக்கத்துக்கு விடும் ஆண் ஆட்டின், உடம்பையும் விதையையும் விந்தையும் பார்த்து, அன்றைக்கே தாளில் எழுதிக் கொடுக்கிறார்கள். கட்டணம் கிடாக் கணக்கில், வண்டிச் செலவு தனி. அதனால் பக்கத்துக் கிடைக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரே நாளில் கூப்பிடுவது நல்லது. பெயரை விட்டுவிட்டு வேலையை மட்டும் பார்க்கிறது இந்த விமர்சனம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கழிக்க வேண்டிய கிடாவைக் கண்டுபிடிக்க இவர்களைத் தயங்காமல் கூப்பிடலாம், அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறார்கள். ஆனால் அறிக்கையின் அடியில் "எதிர்பார்க்கும் சினைத்திறன் 85 சதம்" என்று ஒரு எண் போடுகிறார்களே, அதை வைத்துக் கிடா வாங்குவதோ விற்பதோ கூடாது. அந்த எண்ணுக்கு அடித்தளமே கிடையாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

ஒரு கிடாவுக்கு 25 முதல் 30 ஆடு என்பது நம் பக்கத்துக் கணக்கு. ஒரு பெட்டை சினை பிடிக்காவிட்டால் ஒரு குட்டி போச்சு. கிடா சரியில்லை என்றால் அந்த ஈற்றே போச்சு. அதுவும் மூன்று நாலு மாதம் கழித்து, மடி இறங்காதபோதுதான் தெரியவரும். முழு மலட்டுக் கிடா அபூர்வம். அடிக்கடி வருவது அரைகுறைக் கிடா. அது சினை பிடிக்க வைக்கும், ஆனால் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்றில். குட்டிகள் முன்னும் பின்னுமாக விழும், ஒரே வயதுக் கூட்டமாகச் சந்தைக்கு ஏற்ற முடியாது. இந்த நஷ்டத்தை யாரும் கிடாவின் கணக்கில் எழுதுவதில்லை, மேய்ச்சலையும் மழையையும் குறை சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வந்தவுடன் மைக்ரோஸ்கோப்பைத் திறக்காமல் கிடாவைத் தடவிப் பார்ப்பதில் தொடங்குகிறார்களே, அங்கேயே இவர்கள்மேல் மதிப்பு வந்துவிடுகிறது. பல், கண், குளம்பு, பின்னங்கால் மூட்டு எல்லாம் பார்க்கிறார்கள். பின்னங்கால் வலிக்கும் கிடா எவ்வளவு நல்ல விந்து வைத்திருந்தாலும் ஆட்டின்மேல் ஏறாது. முதுகெலும்பில் கை வைத்து உடல்கட்டை 5-க்கு மதிப்பிடுகிறார்கள். கிடா விடும் நேரத்தில் 3 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். பிறகு ஆண்குறியை வெளியே எடுத்து நுனியில் இருக்கும் நூல் போன்ற நீட்சியைப் பார்க்கிறார்கள். மூத்திரக் கல் முதலில் வந்து அடைக்கும் இடம் அது. அரிசித் தவிட்டை அள்ளி வைக்கும் கொட்டில்களில் இது கட்டாயம் பார்க்க வேண்டியது, ஏனென்றால் தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. தீவனத்தில் சுண்ணாம்பு பாஸ்பரஸைப் போல் இரண்டு மடங்கு இருந்தால் கல் சேரும் ஆபத்து குறையும்.

அடுத்தது விதை. இரண்டு விதைகளையும் பையின் அடிக்கு இறக்கிப் பிடித்து, அகலமான இடத்தில் நாடாவைச் சுற்றுகிறார்கள். நாடா தோலைத் தொட்டு நிற்க வேண்டும், அமுக்கக் கூடாது. சுருக்கி இழுத்தால் ஒன்றிரண்டு செ.மீ. குறைத்துக் காட்டும். வெளிநாட்டுப் பட்டியல்களில் வளர்ந்த கிடாவுக்கு 32, 33 செ.மீ. என்று இருக்கும். உடம்பு பெருத்த இனங்களுக்கான அளவு அது. ராமநாதபுரம் வெள்ளை இனக் கிடாவை அதில் வைத்துத் தள்ளினால் பாவம். இவர்கள் அப்படிச் செய்யாமல், அதே கிடையில் அதே வயதுக் கிடாக்களோடு ஒப்பிட்டு எது பெரியது, எது பின்தங்கியது என்று எழுதுகிறார்கள். விதை அளவுக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒரு கிராம் விதைத் திசு நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 கோடி உயிரணுவை (விந்தணுவை) உண்டாக்குகிறது. விதை பெரிது என்றால் ஆலை பெரிது.

அளவைவிடத் தொடுகை முக்கியம். நல்ல விதை காற்றடைத்த பந்துபோல, அழுத்தினால் எதிர்த்து வரும். குழைந்து கிடந்தால் தேய்மானம், கல்லாக இருந்தால் பழைய வீக்கம் ஆறிய தழும்பு. விதைக்கு அடியில் விரல்நுனி அளவுக்குத் துருத்திக்கொண்டிருப்பது எபிடிடிமிஸ் என்ற சுருள்குழாயின் வால். விந்து முதிர்ந்து காத்திருக்கும் கிடங்கு அதுதான். இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கட்டியாக, வலியோடு இருந்தால் நோய்த்தொற்று. பைத் தோலில் சிரங்கு, பொருக்கு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். விதை உடம்புச் சூட்டைவிட 4 முதல் 6 டிகிரி குறைவாக இருந்தால்தான் வேலை செய்யும். சிரங்கு பிடித்த பை சூட்டை இறக்கி வைக்காது.

விந்து எடுப்பதில் இரண்டு வழி. பழகிய கிடாவென்றால் செயற்கை யோனிக் குழாய். வெளிச்சுவருக்கும் ரப்பர் உறைக்கும் நடுவே 50, 55 டிகிரி வெந்நீர் ஊற்றினால், கிடா தாண்டும் நேரத்தில் உள்ளே 40 முதல் 42 டிகிரி நிற்கும். சூடு குறைந்தால் கிடா விந்து விடாது, கூடினால் மிரண்டு அடுத்த முறை கிட்டவே வராது. நம் கிடைக் கிடாக்கள் இதற்குப் பழகியவை இல்லை. முதல் நாளே குழாயைக் காட்டினால் பாதிக் கிடா திரும்பி நின்றுகொள்ளும். அப்போது மின்தூண்டியை ஆசனவாய் வழியே வைத்து, சில நொடி தூண்டிச் சில நொடி விட்டு எடுக்கிறார்கள். இதில் வரும் விந்து அளவில் கூடுதல், ஆனால் நீர்த்திருக்கும். மூத்திரம் கலக்கவும் வாய்ப்பு உண்டு. மஞ்சள் நிறமும் வாடையும் காட்டிக்கொடுக்கும், கலந்தால் உயிரணு ஓட்டம் நின்றுவிடும். ஆகவே எந்த வழியில் எடுத்தது என்று அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். மின்தூண்டி விந்தைக் குழாய் விந்தின் அளவுகோலில் வைத்து "செறிவு போதாது" என்று எழுதுவது தப்பு. இவர்கள் எடுத்த வழியைக் குறிக்கிறார்கள். ஆனால் அளவுகோலை மாற்றுவதில்லை. இது முதல் குறை.

குழாயில் விழுந்த விந்தைச் சாய்த்துப் பார்த்தாலே பாதி தெரியும். கெட்டிப் பாலேடு மாதிரி ஒட்டி இறங்கினால் ஒரு மி.லி.யில் 450 கோடிக்கு மேல் உயிரணு. பாலாக ஓடினால் 100 முதல் 250 கோடி. கழுநீர் போல் இருந்தால் 100 கோடிக்கும் கீழ். கிடாவின் விந்து அளவில் சின்னது, 1 மி.லி.யை ஒட்டித்தான் வரும், செறிவோ மிக அதிகம். ஆகவே "இவ்வளவுதானா?" என்று கிடைக்காரர் முகம் சுருங்க வேண்டியதில்லை.

இனி ஸ்லைடு. சூடேற்றிய ஸ்லைடில் ஒரு சொட்டு, மேலே கவர்ஸ்லிப் என்ற மெல்லிய மூடுகண்ணாடி போடாமல், குறைந்த பெருக்கத்தில். நல்ல விந்தில் தனி உயிரணு எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அடுப்பில் பால் பொங்குவதற்கு முந்தின நொடி ஏடு சுழலுமே, அப்படிக் கரிய அலைகள் எழுந்து, ஒன்றின்மேல் ஒன்று மடிந்து, ஓரத்துக்குப் போய்த் திரும்பி வரும். அது 5 மதிப்பெண். அலை எழுந்து சோம்பலாக அடங்கினால் 3. அலையே இல்லாமல் அங்கங்கே துடிப்பு மட்டும் என்றால் 1. உதவியாளர் கிடைக்காரரை அழைத்து, "ஐயா, ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க" என்று காட்டுகிறார். இது நல்ல பழக்கம். ஒரு முறை பார்த்தவர் அடுத்த முறை தாளை மட்டும் நம்பமாட்டார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அலைக்கு வேகமும் வேண்டும், கூட்டமும் வேண்டும். நீர்த்த விந்தில் எல்லா உயிரணுவும் ஆரோக்கியமாக இருந்தாலும் அலை எழாது.

அதனால்தான் தனி ஓட்டத்தையும் எண்ணுகிறார்கள். 37 டிகிரியில் வைத்த 2.9 சத சோடியம் சிட்ரேட் கரைசலில் விந்தைக் கலந்து, கவர்ஸ்லிப் போட்டு, பெரிய பெருக்கத்தில் ஐந்து இடம் பார்த்து, முன்னோக்கி நேராக ஓடுபவை எத்தனை சதம் என்று எடுக்கிறார்கள். 70-க்கு மேல் என்றால் தேறியது. நின்ற இடத்திலேயே வட்டம் போடுவதும் ஆடுவதும் ஓட்டத்தில் சேராது. சிட்ரேட்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஒரு துளி பட்டாலும் போதும், உயிரணு ஊதி, வால் சுருண்டுகொள்ளும். சோப்புப் போகக் கழுவாத குழாயும் உயிரணுவைக் கெடுக்கும்.

செறிவை நியூபாயர் எண்ணுதட்டில், அதாவது கட்டம் கீறிய கண்ணாடித் தட்டில், எண்ணுகிறார்கள். 200 மடங்கு நீர்த்து, நடுக்கட்டத்தின் 25 பெரிய சதுரத்தில் 5-ஐ எண்ணி, வந்த எண்ணை 50,000-ஆல் பெருக்கி, மறுபடி 200-ஆல் பெருக்க வேண்டும். 5 சதுரத்தில் 300 வந்தால் மி.லி.க்கு 300 கோடி. இதை நேரில் உட்கார்ந்து சரிபார்க்கலாம், கஷ்டமே இல்லை.

கடைசியாக இயோசின்-நிக்ரோசின் சாயம். சூடான சாயத்தில் ஒரு சின்னச் சொட்டு விந்தைக் கலந்து, இழுத்துப் பூசி, உடனே உலர்த்தி, எண்ணெய் லென்ஸில் 200 உயிரணு. கரும்பின்னணியில் வெள்ளைத் தலை உயிரோடு இருந்தது, இளஞ்சிவப்புத் தலை செத்தது. அதே பூச்சில் உருவக்கோளாறும் எண்ணப்படும். 20 சதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. எண்ணைவிட, எந்தக் கோளாறு என்பது நிறையப் பேசும். கழுத்தை ஒட்டித் துளி தொங்கினால் முதிராத விந்து: இளங்கிடா, அல்லது ஓய்வில்லாமல் ஓட்டப்பட்ட கிடா. தலையும் வாலும் பிரிந்து கிடந்தால் சூடு தாக்கியிருக்கலாம். பல வாரம் சும்மா கட்டிக் கிடந்த கிடாவின் முதல் விந்திலும் செத்ததும் பிரிந்ததும் நிறைய வரும், அதைத் தள்ளிவிட்டு இரண்டாம் முறை எடுத்ததைப் பார்க்க வேண்டும். வால்கள் கூட்டமாகச் சுருண்டிருந்தால் முதலில் கிடாவைச் சந்தேகிக்க வேண்டாம், குளிர்ந்த குழாயையும் தண்ணீரையும் சந்தேகிக்கவும். சீழணு தெரிந்தால் மேற்கொண்டு எண்ணுவதை நிறுத்திவிட்டு நோயைத் தேட வேண்டும்.

இங்கே ஒரு சறுக்கலைச் சொல்லியாக வேண்டும். கண்மாய்க்கரைக் கிடை ஒன்றில் மதியம் வரை வேலை நீண்டது. ஸ்லைடு சூடாக்கும் தட்டுக்கு பேட்டரி இறங்கிவிட்டது. உதவியாளர் ஸ்லைடுகளை வண்டி பானட்டின்மேல் வைத்துச் சூடாக்கினார். வைகாசி வெயிலில் பானட் கையே வைக்க முடியாத சூடு. அதன் பிறகு பார்த்த மூன்று கிடாவுக்கும் ஓட்டம் 30 சதத்துக்குக் கீழே. சாயத்தில் பார்த்தால் உயிருள்ளவை 80-ஐத் தாண்டின! சாயத்துக்கு எடுத்த சொட்டு வெந்நீர்த் தொட்டியில் இருந்த குழாயிலிருந்து வந்தது, ஓட்டத்துக்கு எடுத்தது வெந்துபோன ஸ்லைடில் விழுந்தது. கிடா கெட்டது அல்ல, ஸ்லைடு கெடுத்தது. சுட்டிக்காட்டியதும் மருத்துவர் மறுக்காமல் மூன்றையும் மறுநாள் காலை திரும்ப எடுத்துப் பார்த்தார், காசும் கேட்கவில்லை. அந்த நேர்மைக்கு மதிப்பு உண்டு. மார்கழிக் காலையில் இதே தப்பு எதிர்ப்பக்கம் நடக்கும்: சில்லென்ற ஸ்லைடில் நல்ல விந்தும் மந்தமாக ஊரும்.

எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடுபவை ஒருக்காலும் உயிருள்ளவற்றைவிடக் கூடுதலாக இருக்க முடியாது. இருந்தால் ஏதோ ஓர் எண்ணிக்கை தப்பு. இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் பெரும்பாலும் மாதிரியைக் கையாண்டதில் கோளாறு, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த 85 சதத்துக்கு வருவோம். ஒரு அறிக்கையின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். அளவு 0.9 மி.லி., செறிவு 320 கோடி, ஆக 288 கோடி. ஓட்டம் 75 சதம், 216 கோடி. உருவம் சரியானது 85 சதம், ஏறக்குறைய 184 கோடி. செயற்கை முறையில் கருப்பை வாயில் செலுத்தும் புது விந்துக்கே 15, 20 கோடி போதும். அப்படியென்றால் இந்தக் கிடாவுக்கு 184 கோடி இருப்பதும் இன்னொன்றுக்கு 240 கோடி இருப்பதும் சினையில் என்ன வித்தியாசம் காட்டும்? வாசற்படியைத் தாண்டியாகிவிட்டது, அதற்குமேல் கூடுவதால் சினை கூடிக்கொண்டே போகாது. வாசற்படிக்குக் கீழே இருப்பவனைத்தான் இந்தப் பரிசோதனை உறுதியாகப் பிடிக்கிறது. நல்ல கிடாக்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்த இதனால் ஆகாது.

இன்னொன்று. 30 ஆட்டில் 85 சதம் என்றால் 25, 26 ஆடு. அதே கிடா அதே 30 ஆட்டோடு ஒரு தடவை 23-ம் இன்னொரு தடவை 28-ம் காட்டுவது வெறும் தற்செயலாலேயே நடக்கும். 75 சதக் கிடாவையும் 85 சதக் கிடாவையும் ஒரு கிடையின் ஈற்றுக் கணக்கை வைத்தே பிரிக்க முடியாதபோது, ஒரு சொட்டு விந்தை வைத்து எப்படிப் பிரிப்பது? தேறியது, மறுபரிசோதனை, கழிக்கலாம் என்று மூன்றில் ஒன்றை எழுதினால் போதும். இந்த எண்ணைக் காட்டி ஆட்டுச் சந்தையில் விலை ஏற்றிப் பேசுவது ஏற்கெனவே தொடங்கிவிட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவரே அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

இவர்கள் செய்யாமல் விடுவதும் அந்த எண்ணைப் பொய்யாக்குகிறது. கிடாவின் நாட்டத்தை இவர்கள் பார்ப்பதில்லை. பருவத்தில் நிற்கும் இரண்டு மூன்று பெட்டைகளோடு 20, 30 நிமிடம் விட்டு, எத்தனை முறை ஏறியது, எத்தனை முறை முடித்தது என்று எண்ண வேண்டும். முதல் தரமான விந்தை வைத்துக்கொண்டு பெட்டையைத் திரும்பிப் பார்க்காத கிடா உண்டு. மின்தூண்டியில் விந்து எடுக்கும்போது இது வெளியே வரவே வராது. கிடைக்குள் அதிகாரமும் கணக்கில் வர வேண்டும்: கொம்பு பெருத்த பழைய கிடா ஒன்று மற்றவற்றை முட்டித் தள்ளி எல்லாப் பெட்டையையும் தானே தாண்டும். அதன் விந்து சரியில்லை என்றால் கூட இருக்கும் மூன்று நல்ல கிடாவும் இருந்தும் இல்லாத கணக்குதான். ஆகவே சோதனைக்கு முதலில் கட்ட வேண்டியது அந்த அதிகாரக் கிடாவை.

ரத்தப் பரிசோதனையும் இல்லை. புருசெல்லா என்ற பாக்டீரியா கிடாவின் விதையைக் கெடுக்கும், பெட்டைக்குக் கருச்சிதைவு, மனிதருக்கு விட்டு விட்டு வரும் காய்ச்சல். ரோஸ் பெங்கால் தட்டுப் பரிசோதனைக்கு ஒரு சொட்டு சீரமும் ஒரு சொட்டு மருந்தும் போதும், நாலு நிமிடத்தில் திரிகிறதா என்று தெரியும். வண்டியில் இடம் பிடிக்காத இந்தப் பரிசோதனையைச் சேர்க்காதது பெரிய குறை. கிடாவை வெளியிலிருந்து வாங்குபவர்கள் இதைத் தனியாகக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும். கருச்சிதைந்த குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

எப்போது கூப்பிடுவது என்பதில்தான் நம்மவர்கள் அதிகம் தவறுகிறார்கள். விதைக்குள் ஒரு உயிரணு உருவாக ஏறக்குறைய 49 நாள், சுருள்குழாயில் முதிர 10 முதல் 14 நாள். இன்றைக்குக் குழாயில் விழும் விந்து இரண்டு மாதத்துக்கு முந்தைய கிடாவின் கதை. மார்கழி, தையில் குட்டி வேண்டும் என்று ஆடியில் கிடா விடுகிறோம். ஆடி முதல் தேதியிலிருந்து 60 நாள் பின்னால் போனால் மே 18. கத்திரி வெயிலின் நடு! தகரக் கூரைக்கு அடியில் மத்தியானம் முழுக்க மூச்சு வாங்கிய கிடாவின் விந்தைத்தான் ஆடியில் நம்புகிறோம். நீலநாக்கு, கோமாரி, ஆட்டம்மை என்று காய்ச்சல் கண்ட கிடாவுக்கும் இதே கணக்கு. ஆளும் தீனியும் தேறி ஒரு மாதம் ஆகியிருக்கும், விந்து இன்னும் தேறியிருக்காது. எனவே ஆனி நடுவில் ஒரு முறை பார்த்து, தேறாத கிடாவை 60 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஒரே சோதனையில் நல்ல இனக் கிடாவை அறுப்புக்கு அனுப்புவது அவசரம். இவர்கள் மறுசோதனைக்கு நாள் குறித்துக் கொடுப்பதில்லை, நாமே குறித்துக்கொள்ள வேண்டும்.

தீனியும் அதே இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். மேய்ச்சலோடு நாளுக்கு 300 முதல் 500 கிராம் அடர்தீவனம், அதில் கடலைப் பிண்ணாக்கு, கூடவே அகத்தியோ வேலிமசாலோ. புரதம் கூடினால் விதையே பருக்கும், நாடாவில் தெரியும். பருத்திக்கொட்டையைப் பொலிகிடாவுக்குத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள காசிபால் என்ற நச்சுப்பொருள் உயிரணுவின் நடுத்துண்டைக் கெடுக்கும்.

அறிக்கை வந்த பிறகும் கிடைக்காரர் கையில் ஒரு சோதனை இருக்கிறது. செங்காவியைக் கடலை எண்ணெயில் குழைத்துக் கிடாவின் நெஞ்சில் பூசி விட்டால், தாண்டிய பெட்டையின் முதுகில் அடையாளம் விழும். செம்மறிக்குப் பருவச் சுற்று 17 நாள். 17 நாளுக்கு ஒரு முறை நிறத்தை மாற்றவும். முதல் நிறம் விழுந்த பெட்டைகளில் பெரும்பாலானவற்றின்மேல் இரண்டாம் நிறமும் விழுந்தால், கிடா தாண்டுகிறது, சினை நிற்கவில்லை என்று பொருள். 34 நாளிலேயே தெரிந்துவிடும், மடி இறங்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

கூப்பிடுவதாக இருந்தால் விடிந்ததும் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறுமுன் பத்து கிடாவுக்குள் முடித்துக்கொள்ளலாம். கிடாவை இரண்டு மூன்று நாள் முன்பே பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டவும். குறி வாசலைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரித்து வைக்கவும். பருவத்தில் நிற்கும் பெட்டை ஒன்று இருந்தால் கட்டி வைக்கவும். மரத்தடியில் ஆடாத ஒரு மேசை, கொதிக்க வைத்த தண்ணீர் ஒரு குடம், கூடவே முழு சார்ஜ் ஏற்றிய டிராக்டர் பேட்டரி ஒன்று.